இடுப்பு என்றால் எந்த இடுப்பு? மூட்டு ஆய்வில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

பினாங்கில் இடுப்பு மூட்டு ஆய்வொன்றில் உதவியாளராகச் சேரும் முதல் நாள் உங்கள் கைக்கு மூன்று பொருள்கள் வரும்: தடிமனான ஒரு கோப்பு, பிளாஸ்டிக் கோணமானி, ஒரு ஸ்டாப்வாட்ச். கூடவே ஒரு பேச்சும் வரும். "தமிழ் தெரியும்தானே? தமிழ் ஆளுங்களை எல்லாம் நீங்களே பார்த்துக்குங்க."

பொருள்கள் மூன்றும் ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். அந்தப் பேச்சைக் காப்பாற்றத்தான் வருடங்கள் ஆகும். நான் பிசியோதெரபி படித்துவிட்டு, ஆள் போதவில்லை என்று ஆய்வுப் பக்கம் இழுக்கப்பட்டவள். தீவிலும் பெருநிலத்திலும் சில ஆய்வுகளில் அளந்திருக்கிறேன், கேட்டிருக்கிறேன், தப்பும் செய்திருக்கிறேன். வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன். உங்கள் ஆய்வுத் திட்டம் வேறு மாதிரி சொன்னால் அதைத்தான் கேட்க வேண்டும், என்னை அல்ல.

முதலில் விரலால் காட்டச் சொல்லுங்கள்

நம் பேச்சில் இடுப்பு ரொம்பப் பெரிய ஊர். சேலைக் கொசுவம் செருகும் இடம் இடுப்பு, பிள்ளையைத் தூக்கி வைக்கும் இடம் இடுப்பு, குனிந்து நிமிர்ந்தால் பிடித்துக்கொள்ளும் முதுகின் அடியும் இடுப்பு. மலாய்க்காரர்களுக்குப் பிங்காங் வேறு, பிங்குல் வேறு. நமக்கு எல்லாவற்றுக்கும் ஒரே சொல். அதனால் "இடுப்பு வலிக்குதாம்மா?" என்று நீங்கள் கேட்டு, அவர் "ஆமா"வென்று சொன்னால் உங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

இடுப்பு மூட்டு ஆழத்தில் இருக்கிறது. தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும் இடம் அது. அங்கே தேய்மானம் வந்தால் வலி பெரும்பாலும் கவட்டையில் தெரியும். சிலருக்குத் தொடையின் முன்பக்கம், சிலருக்குப் பின்புறம். முட்டியில் மட்டும் வலி தெரிகிறவர்களும் உண்டு, ஏனென்றால் இரண்டு மூட்டுக்கும் போகிற நரம்புகளில் பொதுவானவை இருக்கின்றன. முட்டிக்குத் தைலம் தேய்த்து, முட்டியையே இரண்டு தடவை எக்ஸ்ரே எடுத்து, "முட்டி நல்லாத்தான் இருக்கு" என்ற பதிலோடு இரண்டு வருடம் நடந்த ஒரு பாட்டியை எனக்குத் தெரியும். காலை உள்பக்கம் திருப்பிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ஆகவே சொல்லை விட்டுவிடுங்கள். "வலிக்கிற இடத்துல ஒரு விரலை வைங்க" என்று மட்டும் கேளுங்கள். விரல் முதுகுக்குப் போனால் அதை எழுதுங்கள். கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் விரித்து, சி எழுத்துபோல் இடுப்பின் பக்கவாட்டைக் கவ்விப் பிடித்துக் காட்டினால் மூட்டைச் சந்தேகிக்கலாம். டாக்டர்கள் அதைச் சி குறி என்றே சொல்வார்கள்.

ஒரு சங்கடம் இருக்கிறது. கவட்டையை விரலால் காட்ட நம் பெண்கள் கூச்சப்படுவார்கள், அதுவும் எதிரில் இருப்பவன் பேரன் வயதுப் பையன் என்றால் கேட்கவே வேண்டாம். கையைத் தொடையில் வைத்து "இங்கதான், இந்தப் பக்கம்" என்று முடித்துவிடுவார்கள். அதற்காகத்தான் கோப்பில் உடல் வரைபடம் இருக்கிறது. பேனாவைக் கொடுத்துப் பெருக்கல் குறி போடச் சொல்லுங்கள், படத்தில் போட யாருக்கும் கூச்சமில்லை. ஆண் உதவியாளர் என்றால் பக்கத்தில் ஒரு நர்ஸ் இருக்கட்டும்.

விழுந்து எழுந்து வந்தவர், ஒரு கால் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்றால் கேள்விப் படிவத்தை மூடுங்கள். காய்ச்சலோடு காலை ஊன்றவே முடியாதவருக்கும் அப்படித்தான். இரண்டும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியவை, உங்கள் ஆய்வு காத்திருக்கும்.

தாள் வேலை

இது போரடிக்கும், ஆனால் சீக்கிரம் முடியும். மலேசியாவில் சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் நடக்கும் ஆய்வு, என்.எம்.ஆர்.ஆர். என்ற தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகி, அமைச்சின் மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். பல்கலைக்கழக மருத்துவமனை என்றால், உதாரணத்துக்குக் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், அவர்களுக்கென்று சொந்தக் குழு இருக்கிறது. ஒப்புதல் கடிதத்தில் தேதி இருக்கும். அந்தத் தேதிக்கு முன்னால் ஒருவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்காதீர்கள், நடைபாதையில் பேச்சுவாக்கில்கூட வேண்டாம்.

மருத்துவச் சோதனை ஆய்வு என்றால் ஜி.சி.பி. என்ற நல்ல ஆய்வு நடைமுறைப் பயிற்சிக்குப் போய்ப் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கச் சொல்வார்கள். அப்புறம் யார் எந்த வேலை செய்யலாம் என்ற பட்டியலில் முதன்மை ஆய்வாளர் உங்கள் பெயருக்கு நேரே கையெழுத்திட வேண்டும். பட்டியலில் "கோணம் அளத்தல்" இல்லையென்றால் நீங்கள் அளந்த கோணம் எதற்கும் உதவாது.

திட்டத்தில் யாரைச் சேர்க்கலாம் என்ற பக்கத்தை மட்டும் மனப்பாடமாக வைத்திருங்கள். பல ஆய்வுகள் அமெரிக்க வாத மருத்துவக் கல்லூரி 1991-இல் வெளியிட்ட அளவுகோலை எடுத்துக்கொள்கின்றன: இடுப்பு மூட்டு வலியோடு, இ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனை மணிக்கு 20 மில்லிமீட்டருக்குக் கீழ், எக்ஸ்ரேயில் எலும்பு முளை, மூட்டு இடைவெளி குறைவு ஆகிய மூன்றில் ஏதாவது இரண்டு இருக்க வேண்டும். இங்கேயும் முதல் சொல் "இடுப்பு மூட்டு வலி" என்பதைக் கவனியுங்கள். முதுகு வலிக்காரர் உள்ளே வந்துவிட்டால் பின்னால் செய்கிற கணக்கெல்லாம் வீண்.

ஒப்புதல் வாங்குவது

அம்மா உட்கார்ந்திருப்பார், மகன் நிற்பார். நீங்கள் தகவல் தாளை விரிப்பதற்குள் மகன், "சரிம்மா, கையெழுத்துப் போடுங்க, டாக்டர் சொல்றாங்க" என்பார். அம்மாவும் பேனாவைத் தேடுவார். இதை ஒப்புதல் என்று கணக்கில் எடுக்கக் கூடாது.

மகனுக்கு மரியாதையாக ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு அம்மாவிடம் பேசுங்கள். முழுவதும் சொன்ன பிறகு, "இப்ப உங்க அக்கா போன்ல கேக்குறாங்க, ஆஸ்பத்திரியில என்ன செய்யப் போறாங்கன்னு. என்ன சொல்வீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "கால் நல்லாக புது மருந்து தர்றாங்க" என்று அவர் சொன்னால் மறுபடி முதலிலிருந்து. யாருக்கு எந்த வைத்தியம் என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்யும், எந்தப் பக்கம் விழும் என்று யாருக்கும் தெரியாது, மாட்டேன் என்று சொன்னாலும் வழக்கமான வைத்தியம் குறையாது, எப்போது வேண்டுமானாலும் விலகலாம். இந்த மூன்றும் அவர் வாயால் எப்படியாவது வர வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முதல் வரியிலிருந்து கூடவே இருக்க வேண்டும். கடைசி நிமிடத்தில் நடைபாதையிலிருந்து கூட்டி வந்தவர் எதற்குச் சாட்சி? பிரதி ஒன்றை அவர் கையில் கொடுத்தீர்களா என்பதையும் எழுதி வைக்க மறக்காதீர்கள்.

பேச்சுக் கொடுத்துக் கேட்பது

வயது, வேலை, எப்போதிலிருந்து வலி, முன்பு அடிபட்டதா, சின்ன வயதில் இடுப்புக் கோளாறு ஏதாவது இருந்ததா, இவை படிவத்திலேயே இருக்கும். படிவத்தில் ஒரு வரியாக இருந்தாலும் நேரம் எடுத்துக் கேட்க வேண்டியது மருந்து.

தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போவது ஒரு தனி வியாதி. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ. காட்டிக் கொடுக்கும். அதற்குப் பெரிய காரணங்களில் இரண்டு, அதிகமான குடியும் நீண்ட நாள் ஸ்டீராய்டும். "ஸ்டீராய்டு சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஜாமு என்ற மலாய் மூலிகை மருந்து, கால்வலிக் கேப்சூல், பெயர் தெரியாத தூள் என்று விற்பனையாகும் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை பரிசோதித்துக் கண்டு பலமுறை எச்சரித்திருக்கிறது. சாப்பிட்ட இரண்டே நாளில் வலி பறந்துவிடும். அதனால்தான் "அருமையான மருந்து" என்று பக்கத்து வீட்டுக்கும் வாங்கிக் கொடுப்பார்கள்.

நான் கேட்கிற விதம் இது: "வலிக்கு வீட்டுல என்னென்ன வச்சிருக்கீங்க? அடுத்த தடவை வரும்போது பை நிறைய எடுத்துட்டு வாங்க, திட்ட மாட்டோம்." திட்ட மாட்டோம் என்று சொன்னால்தான் பை வரும். வந்ததும் நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, டாக்டரிடம் கொடுங்கள்.

அளப்பது

அவர் கதவைத் திறந்து உள்ளே வரும்போதே அளக்க ஆரம்பியுங்கள். எந்தக் கையில் தடி, எந்தப் பக்கம் உடம்பு சாய்கிறது, காலடி நீளம் ஒன்றா என்று. "நடந்து காட்டுங்க" என்று சொன்ன பிறகு நடப்பது பரீட்சை நடை.

ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லும் டிரெண்டலன்பர்க் சோதனையில், ஊன்றிய காலின் பக்கத் தசை பலவீனமாக இருந்தால் எதிர்ப்பக்க இடுப்பு கீழே இறங்கும். சுவரைப் பிடித்துக்கொண்டால் சோதனை கெட்டுவிடும், பிடிக்காமல் விழுந்தால் ஆளே கெட்டுவிடும். கை எட்டும் தூரத்தில் நில்லுங்கள். தாமஸ் சோதனை படுக்கையில் செய்வது: நல்ல காலின் முட்டியை மார்போடு கட்டிக்கொள்ளச் சொன்னால், மற்ற மூட்டு இறுகியிருந்தால் அந்தத் தொடை தானாகப் படுக்கையை விட்டு எழும்பும். எவ்வளவு எழும்புகிறதோ அவ்வளவு மடங்கி இறுகியிருக்கிறது மூட்டு.

புதியவர்கள் எல்லோரும் தடுமாறுவது உள்சுழற்சியில். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முட்டியை 90 பாகைக்கு மடக்கியிருக்கும்போது, பாதம் வெளிப்பக்கம் போனால் தொடை எலும்பு உள்பக்கம் சுழல்கிறது. ஆக, பாதம் வெளியே என்றால் உள்சுழற்சி. என் முதல் மாதத் தாள்களில் பாதி தலைகீழாகத்தான் இருந்தன. நல்ல மூட்டில் உள்சுழற்சி ஏறக்குறைய 30-லிருந்து 40 பாகை இருக்கும். தேய்மானத்தில் பொதுவாக முதலில் குறைவது இதுதான், ஆகவே இந்த ஒரு எண்ணில் சோம்பேறித்தனம் கூடாது. அவர் பிட்டத்தைத் தூக்கி ஏமாற்றுகிறாரா என்று பாருங்கள். வேண்டுமென்று செய்வதில்லை, வலிக்காத வழியை உடம்பே கண்டுபிடித்துக்கொள்ளும்.

நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் சோதனைக்கு நாற்காலிதான் முக்கியம். உட்காரும் இடம் 46 சென்டிமீட்டர் அளவில், கைப்பிடியோடு இருக்க வேண்டும். கல்யாண மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலி இன்றைக்கு, வேறொன்று ஆறு மாதம் கழித்து என்றால் நீங்கள் அளந்தது நாற்காலியைத்தான். எங்கள் நாற்காலியின் அடியில் ஆய்வின் எண்ணை மார்க்கரால் எழுதி, யாரும் எடுத்துப்போகாமல் காலில் சங்கிலிகூடப் போட்டோம். தரையில் டேப் ஒட்டுங்கள். அன்றைக்கு அணிந்திருந்த செருப்பு, கைத்தடி, சேலையா கைலியா எல்லாம் குறிப்பில் வரட்டும். 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்காருகிறார், 10 மீட்டர் பாதையில் நான்கு தடவையாக 40 மீட்டரை எவ்வளவு வேகமாக நடக்கிறார் என்ற சோதனைகளும் இப்படியே.

இன்னொன்று. நடக்கும்போது "அப்படித்தான், சபாஷ், இன்னும் கொஞ்சம்" என்று உற்சாகப்படுத்தத் தோன்றும். திட்டத்தில் இருந்தால் எல்லோருக்கும் அதே சொல்லைச் சொல்லுங்கள், இல்லையென்றால் வாயை மூடிக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிடித்த பாட்டி இரண்டு விநாடி வேகமாக நடந்துவிடுவார்.

படம்

எக்ஸ்ரேயை நீங்கள் எடுக்கப் போவதில்லை. ஆனால் திரும்ப எடுக்க வைக்காமல் இருக்கலாம். இடுப்பெலும்பு முழுவதும் தெரிகிற படத்துக்கு இரண்டு பாதங்களையும் ஏறக்குறைய 15 பாகை உள்ளே திருப்பி வைக்க வேண்டும், இல்லையென்றால் தொடை எலும்பின் கழுத்து குட்டையாகத் தெரியும். வலிக்கிற கால் உள்ளே திரும்பாது, அதையும் குறியுங்கள். கைலி முடிச்சு, அரைஞாண், சாவிக்கொத்து எல்லாம் முன்பே போகட்டும். அரைஞாண் கயிற்றில் வெள்ளித் தாயத்து இருக்கும், கேட்காமல் சொல்ல மாட்டார்கள்.

தேய்மானத்தைப் பெரும்பாலும் கெல்கிரன்–லாரன்ஸ் முறையில் 0 முதல் 4 வரை தரம் பிரிப்பார்கள். 1957-இல் வந்த முறை, இன்றும் அதைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரே படத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது வழக்கம். படத்தில் தரம் 4 என்று இருப்பவர் சந்தைக்கு நடந்துபோய் வருவார், தரம் 2 இருப்பவர் இரவெல்லாம் தூங்க மாட்டார். படம் வேறு, வலி வேறு. அதனால்தான் அடுத்த வேலை.

கேள்விப் படிவம்: இங்கேதான் உங்கள் தமிழ் வேலை செய்யும், கெடுக்கவும் செய்யும்

அடிக்கடி பார்க்கப் போகும் படிவங்கள் மூன்று. ஹாரிஸ் ஸ்கோர், 1969-இல் வில்லியம் ஹாரிஸ் என்ற அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் உருவாக்கியது. மொத்தம் 100: வலிக்கு 44, நடமாட்டத்துக்கு 47, அசைவுக்கு 5, கோணல் இல்லாததற்கு 4. இதை நிரப்புவது நாம். ஆக்ஸ்ஃபோர்ட் படிவம் 1996-இல் வந்தது, 12 கேள்வி, நோயாளியே நிரப்ப வேண்டும். இப்போதைய கணக்கில் 0 முதல் 48, கூடினால் நல்லது. பழைய கணக்கில் 12 முதல் 60, கூடினால் மோசம். பழைய கட்டுரையைப் படித்துவிட்டு வந்து "40 எடுத்திருக்காரே, பாவம்" என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது வோமாக், வலி, இறுக்கம், அன்றாட வேலை பற்றி 24 கேள்வி. ஆக்ஸ்ஃபோர்ட் கடந்த 4 வாரத்தைக் கேட்கும், வோமாக் வழக்கமாகக் கடந்த 48 மணி நேரத்தைக் கேட்கும். இரண்டையும் ஒரே காலையில் கொடுத்தால் நோயாளி குழம்புவார், நடுவில் ஒரு தேநீர் நல்லது.

இப்போது என் கதை. அப்போது நான் இருந்த இடத்தில் ஹாரிஸ் படிவம் ஆங்கிலத்தில் மட்டும்தான் இருந்தது. எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பதற்கு அதில் இப்படி மதிப்பெண்: எவ்வளவு வேண்டுமானாலும் என்றால் 11, ஆறு பிளாக் என்றால் 8, இரண்டு மூன்று பிளாக் என்றால் 5, வீட்டுக்குள் மட்டும் என்றால் 2, கட்டிலும் நாற்காலியும்தான் என்றால் 0. நான் கேட்டேன், "ஆன்ட்டி, எத்தனை பிளாக் நடப்பீங்க?"

"நாங்க இருக்கிறது பி பிளாக். மகள் வீடு டி பிளாக். அங்க வரைக்கும் நடந்துருவேன்."

நான் சந்தோஷமாக 5 போட்டேன். ஹாரிஸ் சொன்ன பிளாக், அமெரிக்க நகரத்தில் ஒரு தெருமுனையிலிருந்து அடுத்த தெருமுனை வரை. ஆன்ட்டியின் பிளாக் அடுக்குமாடி வீடு, பி-க்கும் டி-க்கும் நடுவில் ஒரு கார் நிறுத்துமிடம்தான். பிறகு ஒரு நாள் அவரைப் பார்க்க அந்தக் குடியிருப்புக்கே போனபோது பி-யிலிருந்து டி-க்கு என் காலடியில் எண்ணிப் பார்த்தேன். அறுபதுகூட இல்லை. அந்தக் கேள்விக்கு அதுவரை நான் எழுதிய எண்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன.

முதன்மை ஆய்வாளரிடம் போய்ச் சொன்னேன். திட்டினார், அப்புறம் சரி செய்தார். செய்த விதம்தான் நீங்கள் கவனிக்க வேண்டியது. நாங்களாக வாயால் மாற்றிச் சொல்லவில்லை. முறையான மொழிபெயர்ப்புக்குப் போனோம். இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்கி, இரண்டையும் உட்கார்ந்து ஒன்றாக்கி, மூலத்தைப் பார்த்திராத வேறு இருவர் அதைத் திருப்பி ஆங்கிலமாக்கி, நிபுணர்கள் கூடி ஒப்பிட்டு, அப்புறம் முப்பது நாற்பது நோயாளிகளிடம் கொடுத்து "இந்தக் கேள்வி உங்களுக்கு என்ன புரியுது?" என்று கேட்டுச் சரிபார்க்க வேண்டும். அந்தப் புது வடிவத்துக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். படிவத்தின் உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டியதும் உண்டு. மாதக்கணக்கு வேலை. ஆகவே சேர்ந்த முதல் நாளே கேளுங்கள்: ஒப்புதல் பெற்ற தமிழ் வடிவம் இருக்கிறதா? இருந்தால் அதை எழுத்துப் பிசகாமல் படியுங்கள். இல்லையென்றால் நீங்களே நின்ற இடத்தில் மொழிபெயர்க்காதீர்கள். காலையில் ஒரு சொல், மாலையில் இன்னொரு சொல் வரும்.

பிளாக் மட்டுமில்லை. காலுறை போட முடிகிறதா என்று ஹாரிஸும் ஆக்ஸ்ஃபோர்டும் கேட்கின்றன. நம் பாட்டிகள் ஆயுளில் காலுறை போட்டதில்லை, சிலிப்பர்தான். கழிப்பறையில் உட்கார்ந்து எழ முடிகிறதா என்று வோமாக் கேட்கிறது. அது நினைப்பது உயரமான கோப்பை, தோட்ட வீட்டிலோ குந்தும் கழிப்பறை. அதே படிவம் குளியல் தொட்டிக்குள் இறங்கி ஏறுவதையும் கேட்கும், நம் வீட்டில் வாளியும் குவளையும். இந்த மாதிரி இடங்களில் "போட்டால் முடியுமா?" என்று நீங்களாக ஊகித்து நிரப்பாமல், பொருந்தாத கேள்விக்கு என்ன எழுதுவது என்று குழுவாக ஒரு விதி வைத்து, எல்லோரும் அதையே பின்பற்றுங்கள். நம் ஆட்கள் உண்மையில் வருந்துவது எதற்கென்று பார்த்தால் சம்மணம் போட முடியவில்லை, கோலம் போடக் குந்த முடியவில்லை, சாமி முன்னால் விழுந்து எழ முடியவில்லை என்பதற்குத்தான். இதில் எதையும் படிவம் கேட்பதில்லை. குறிப்புப் பகுதியில் எழுதுங்கள்.

தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. பினாங்கில் வயதானவர்களின் அளவுகோல் அதுதான். "போன தைப்பூசம் மேல வரைக்கும் ஏறினேன், இந்தத் தைப்பூசம் பாதியில உக்காந்துட்டேன்" என்று ஒருவர் சொன்னால், படிவத்தின் படிக்கட்டுக் கேள்வியை விட அதில் விஷயம் அதிகம். ஆனாலும் மதிப்பெண் படிவத்துக்குத்தான், படிகள் குறிப்புக்குத்தான். கலந்துவிடாதீர்கள்.

கடைசியாகப் "பரவாயில்லை." வலி எப்படி என்று கேட்டால் வருகிற பதில் இதுதான். ஹாரிஸில் வலி இல்லை என்றால் 44, இலேசு என்றால் 40, அடுத்த படி 30, நடுத்தரம் 20, கடுமை 10. பரவாயில்லை என்பது இதில் எது? தாங்கிக்கொள்கிறேன் என்றும் இருக்கலாம், நன்றாகிவிட்டது என்றும் இருக்கலாம், உங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்றும் இருக்கலாம். முகத்தைப் பார்த்து நீங்கள் மொழிபெயர்க்க ஆரம்பித்தால் அது உங்கள் மதிப்பெண். படிவத்திலுள்ள விடைகளை மெதுவாக எல்லாவற்றையும் படித்துக் காட்டி, "இதுல எது உங்களுக்குப் பொருந்துதோ அதைச் சொல்லுங்க" என்று விடுங்கள். பத்துக்கு எட்டு என்று சிரித்துக்கொண்டே சொன்னாலும் எட்டுதான்.

எந்தக் குழு என்று தெரியாமல் இருப்பது

சிகிச்சையை ஒப்பிடும் ஆய்வில் அளக்கிறவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியக் கூடாது. ஏன் என்பதற்கு ஒரு பிசியோவாக எனக்கு வலித்த உதாரணம் சொல்கிறேன். 2014-இல் ஆஸ்திரேலியாவில் 102 இடுப்பு மூட்டுத் தேய்மானக்காரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு முறையான பிசியோதெரபி, மறு பாதிக்கு ஓடாத அல்ட்ராசவுண்ட் கருவியும் மருந்தில்லாத களிம்பும். இரண்டு பக்கமும் வலி குறைந்தது, இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவர் அக்கறையாகப் பேசித் தொட்டுப் பார்த்தாலே ஸ்கோர் ஏறும் என்றால், "இவர் நம்ம புது வைத்தியக் குழு" என்று தெரிந்துகொண்டு அளக்கிறவர் கையில் ஸ்கோர் என்ன ஆகும்?

எல்லா ஆய்வும் அப்படி முடிவதில்லை. 2024-இல் டென்மார்க்கில் 109 பேரை வைத்து, மூட்டு மாற்று அறுவையையும் எடைப் பயிற்சியையும் ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்கோர் அறுவைக் குழுவில் சுமார் 16 புள்ளி ஏறியது, பயிற்சிக் குழுவில் 5-க்கும் குறைவு. இங்கே அறுவை நடந்ததை நோயாளியிடமே மறைக்க முடியாது, தையல் இருக்கிறதே. அதையும் மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும். பயிற்சிக் குழுவில் சிலர் நடுவிலேயே அறுவைக்குப் போனார்கள். அப்படிப் போனாலும் குலுக்கலில் விழுந்த குழுவிலேயே அவர்கள் கணக்கில் இருப்பார்கள். புதியவர்கள் இதை மாற்றி எழுதிவிடுவார்கள், கவனம்.

உங்களிடம் நோயாளி, "எனக்கு ஊசி போட்டாங்கம்மா" என்று ஆரம்பிக்கும்போதே நிறுத்துங்கள். வரும் முன்பே, "என்ன வைத்தியம்னு என்கிட்ட சொல்லக் கூடாது, சொன்னா என் மார்க் போயிடும்" என்று சிரித்துச் சொல்லி வைப்பேன், வேலை செய்கிறது. அறுவையா இல்லையா என்று ஒப்பிடும் ஆய்வில் இடுப்பை மூடும் நீளமான கால்சட்டையை இரண்டு குழுவுக்கும் கொடுத்துத் தழும்பை மறைக்கலாம். தெரிந்துவிட்டால் மறைக்காதீர்கள், தெரிந்தது என்று எழுதுங்கள்.

எழுதுவதும் திரும்பக் கூப்பிடுவதும்

தப்பாக எழுதிவிட்டால் ஒரே கோடு, பக்கத்தில் சரியானது, உங்கள் கையெழுத்துச் சுருக்கம், தேதி. வெள்ளை மை தடவிய தாளைப் பார்த்தால், தாள்களைச் சரிபார்க்க வரும் கண்காணிப்பாளருக்கு வேறு எதுவுமே கண்ணில் படாது. விட்டுப்போன விடையை ஞாபகத்திலிருந்து நிரப்ப வேண்டாம், காலியாக விடுவது மேல்.

நடுவில் யாராவது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் தெரிந்தவுடன் முதன்மை ஆய்வாளரிடம் சொல்ல வேண்டும். டெங்கிக் காய்ச்சலுக்குச் சேர்ந்தாலும்தான். மூட்டுக்குச் சம்பந்தமில்லை என்று தீர்மானிப்பது நம் வேலை இல்லை. அறுவை செய்தவர் போனில் கால் திடீரென்று வீங்கியிருக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் கேள்வியை விட்டுவிட்டு 999-க்குக் கூப்பிடச் சொல்லுங்கள்.

ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துக் கூப்பிடும் போதுதான் ஆட்கள் தொலைந்துபோவார்கள். எண் மாறியிருக்கும், மகனோடு ஜொகூருக்குப் போயிருப்பார்கள், கோலாலம்பூரில் பேத்தியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சேரும்போதே மூன்று எண் வாங்குங்கள், மூன்றாவது வேறு வீட்டு எண்ணாக இருக்கட்டும். தைப்பூச வாரத்திலும் தீபாவளிக்கு முந்தின வாரத்திலும் யாருக்கும் நேரம் குறிக்காதீர்கள். காலை ஒன்பதுக்கு அடித்தால் யாரும் எடுப்பதில்லை, மதியச் சாப்பாடு முடிந்து நாலு மணிக்குள் எடுப்பார்கள்.

எடுப்பது பெரும்பாலும் மகள். "அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்க, என்கிட்டயே கேளுங்க, எனக்கு எல்லாம் தெரியும்" என்பார். அவருக்கு எல்லாம் தெரியத்தான் செய்யும், சில சமயம் அம்மாவை விட நன்றாகவே. ஆனால் படிவத்தில் ஒன்றையும் எழுதாதீர்கள். அம்மா எத்தனை மணிக்கு வருவார் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு போனை வையுங்கள்.